வெள்ளைத் தட்டு வைத்திருந்தவர்

"பாத்தீங்களா?"

எதைச் சொன்னாலும் அவர் முதலில் கேட்பது இதைத்தான். பால்காரர் தண்ணீர் கலக்கிறார், மூன்றாவது வீட்டுப் பையன் சரியில்லை, ரோஜாவில் செம்பேன் விழுந்துவிட்டது, எதுவானாலும் சரி. கையிலிருக்கிற வேலையை அப்படியே நிறுத்திவிட்டு, தலையைச் சற்றுச் சாய்த்துக் கேட்பார். இல்லை என்று சொல்ல நமக்கு வாய் வராது. "பாக்கலீங்க, இருக்கும்" என்று இழுப்போம்.

"இருக்கும்ங்கறது ஒரு பூச்சியோட பேருங்களா சார்?"

நாங்கள் புது வீட்டுக்குக் குடிவந்த மாதம், வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு அவர் என்னிடம் கேட்ட கேள்வி இது. அன்றைய நாட்குறிப்பில் "பக்கத்து நிலத்து அம்மாள், நாக்கு நீளம்" என்று எழுதியிருக்கிறேன். இருபத்தாறு வருடமாக நாள் தவறாமல் எழுதுகிறவன் நான். அதில் அடிக்க விரும்பும் வரிகள் சில உண்டு. இது அவற்றில் சின்னது.

தருமபுரியிலிருந்து இண்டூர் போகிற சாலையில் எங்கள் மனைப்பிரிவு. ஒரே தெரு, இருபத்திரண்டு வீடுகள். தெரு மேற்கிலிருந்து கிழக்காக ஓடும். கிழக்குக் கடைசி வீடு எங்களுடையது. அதற்கும் கிழக்கே அவருடைய அரை ஏக்கர். ஒரு காலத்தில் மொத்தமும் அவர்கள் குடும்பத்துக் கடலைக்காடு. அண்ணன் தம்பிகள் மனை போட்டு விற்றுவிட்டுப் போக, தன் பங்கை மட்டும் அவர் விடாமல் வைத்திருந்தார். அதில் மல்பெரி, நடுவில் பட்டுப்புழு வளர்க்கும் கொட்டகை, கொட்டகையை ஒட்டி ஓர் அறை. அதுதான் வீடு. கணவர் இல்லை. ஒரே மகளைப் பாலக்கோட்டுப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார். என்னைவிட நான்கைந்து வயது கூடுதலாக இருக்கலாம்.

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எங்கள் தெரு நலச் சங்கத்தின் கூட்டக் குறிப்பேட்டில் அந்தப் பெயர் வந்திருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. அங்கே இல்லாத பெயர் இங்கே மட்டும் எதற்கு? தெருவில் அவருக்குப் பூச்சியம்மா என்று பெயர். முகத்துக்கு நேராக யாரும் சொன்னதில்லை.

அந்த முதல் நாள், என் ரோஜா இலைகள் மஞ்சளாவதைக் காட்டி, இலைச்சாறு உறிஞ்சும் செம்பேன்தான் என்று நான் சாதித்தேன். அவர் போய் ஒரு தட்டை எடுத்துவந்தார். நீல விளிம்பு போட்ட வெள்ளைப் பீங்கான் தட்டு, இரண்டு இடத்தில் பெயர்ந்து கறுத்திருந்தது. இடது மணிக்கட்டில் வளையல்களோடு வளையலாக ஒரு செலோடேப் சுருள். இடுப்பில் செருகிய கறுப்புக் கயிற்றின் முனையில் மடக்கு லென்ஸ் ஒன்று. இந்த மூன்றும் இல்லாமல் அவரை நான் அதிகம் பார்த்ததில்லை. இலைக்குக் கீழே தட்டைப் பிடித்து, கிளையை இரண்டு தட்டு தட்டினார். தட்டில் பொடிப் பொடியாக என்னவோ விழுந்தது.

"இதோ!" என்றேன்.

"அவசரப்படாதீங்க. நகருதா பாருங்க."

இருவரும் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றோம். ஒரு நிமிடம் ஆகியிருக்கும். எதுவும் நகரவில்லை.

"தூசு," என்றார். பிறகு செடியின் அடியில் விரலை விட்டு மண்ணை எடுத்து உருட்டினார். சேறாக உருண்டது. "தெனமும் தண்ணி ஊத்தறீங்களா?"

"ரெண்டு வேளையும்."

"உங்க ரோஜாவப் பேன் கடிக்கல சார். நீங்கதான் கடிக்கறீங்க."

வேலியோரம் நின்றிருந்த என் மனைவி சுமதி சத்தம் போட்டுச் சிரித்தாள். அன்றிலிருந்து அவர்கள் இருவரும் சிநேகம். எனக்கு அதற்குக் கொஞ்ச நாள் பிடித்தது.

மல்பெரி வைப்பதற்கு முன் பதினேழு வருடம், பட்டுப்புழு முட்டை தயாரிக்கும் நிலையம் ஒன்றில் அவர் தினக்கூலிக்கு வேலை பார்த்தவர். அங்கே முட்டையிட்டு முடித்த ஒவ்வொரு தாய்ப்பூச்சியையும் நசுக்கி, ஒரு சொட்டைக் கண்ணாடியில் வைத்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். நோய்க்கிருமி தெரிந்தால் அது இட்ட முட்டைகளைக் கொளுத்திவிட வேண்டும். தெரியாவிட்டால் முட்டைகள் விவசாயிக்குப் போகும். தப்பாகப் பார்த்தால் எங்கோ ஒரு ஊரில் ஒரு கொட்டகைப் புழு மொத்தமும் போகும். பதிவேட்டில் ஒவ்வொரு வரியின் கடைசியிலும் 'பார்த்தவர்' என்று ஒரு கட்டம். அதில் கையெழுத்து. பொங்கலுக்கு முந்தின நாள், மேலே இருந்த ஒருவர், "பாத்த மாதிரியே எழுதிரும்மா, நேரமாச்சி" என்றாராம்.

"எழுதுனீங்களா அக்கா?" என்று சுமதி கேட்டாள்.

"பேனாவ அவர் கையிலயே குடுத்துட்டேன். நீங்களே எழுதி, நீங்களே கையெழுத்துப் போட்டுக்கங்க சார்னு."

"போட்டாரா?"

"எங்க போடறது? ஒக்காந்து பாக்கச் சொல்லிட்டு டீ குடிக்கப் போயிட்டாரு."

இப்படிப்பட்ட ஆள் பக்கத்தில் இருப்பது சுகமான விஷயம் அல்ல. அதையும் சொல்லிவிட வேண்டும். சுமதியின் சித்தி மகனுக்கு மொரப்பூரில் கல்யாணம். அவரையும் அழைத்துக்கொண்டு ரயிலில் போனோம். முகூர்த்தம் முடிந்து மேடையில் நின்ற மாப்பிள்ளை கழுத்தையும் காதோரத்தையும் விடாமல் சொறிந்துகொண்டே இருந்தான். பெண் வீட்டுப் பெரியவர் ஒருவர் எங்களுக்கு முன் வரிசையில் உட்கார்ந்து, "மாப்பளைக்குத் தோல் வியாதியாட்டம் தெரியுதே, மொதல்லயே சொல்லலையே" என்று பக்கத்தில் இருப்பவரிடம் கிசுகிசுத்தார். கிசுகிசுப்பு நான்கு வரிசைக்குக் கேட்டது.

நம் ஆள் எழுந்துவிட்டார். பந்தி நடக்கும் இடத்துக்குப் போய் ஒரு வெள்ளைத் தட்டோடு திரும்பி வந்தார். நான் தடுப்பதற்குள் மேடை ஏறியாகிவிட்டது. மாப்பிள்ளையின் சாமந்தி மாலைக்குக் கீழே தட்டைப் பிடித்து, இரண்டு தட்டு.

"நகருதா பாருங்க," என்று தட்டை அந்தப் பெரியவர் மூக்குக்குக் கீழே கொண்டுவந்தார். மயிர்த்துணுக்கு அளவில் கறுப்பும் மஞ்சளுமாகப் பத்துப் பதினைந்து உருப்படிகள் தட்டில் ஓடிக்கொண்டிருந்தன. "பூவுல இருக்கற பேனு. மாலையா கட்டி பூவு வாடுச்சின்னா அதுக்குச் சாறு கெடைக்காது, கழுத்துல வாய வெச்சிப் பாக்குது. பையனுக்கு ஒண்ணுமில்லீங்க. மாலைய நல்லா ஒதறிப் போடச் சொல்லுங்க."

மணப்பெண் சிரித்துவிட்டாள். மாப்பிள்ளையின் அம்மா சிரிக்கவில்லை. "நல்ல காரியம் நடக்கற எடத்துல மேடையேறிப் பேன் எடுக்கறாளே, யார்றி இவ?" என்று சுமதியைப் பிடித்துக்கொண்டார். திரும்பும் ரயிலில் சுமதி முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தாள். அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து, கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்திருந்த ஒரு சாமந்தியை லென்ஸில் பார்த்துக்கொண்டே வந்தார். நூறு பேர் முன்னால் ஒரு பையனைப் பற்றிச் சொல்லக் கூடாததைச் சொன்னவர் மேல் யாருக்கும் கோபம் வரவில்லை. அது பொய் என்று காட்டியவர் மேல்தான் எல்லாருக்கும் கோபம். அன்று எனக்கும்தான்.

இனி, நான் எழுத உட்கார்ந்த விஷயம்.

ஒன்பது வருடத்துக்கு முந்தைய ஆனி மாதக் கடைசியில் எனக்கு உடம்பில் கடி ஆரம்பித்தது. கடுகளவு சிவப்புத் தடிப்பு. கடிக்கும்போது தெரியாது. கால் மணி நேரம் கழித்து அரிப்பெடுத்தால் இரண்டு நாளைக்கு நிற்காது. கடித்ததைக் கண்ணால் காண முடியவில்லை. தோட்டத்துக்குப் போய்வந்தால்தான் வருகிறது என்பது மட்டும் தெரிந்தது. என் வழக்கப்படி எழுதினேன்: தேதி, வேளை, நின்ற இடம், எந்தக் கை, எத்தனை தடிப்பு. தெருவில் வேறு சிலரும் சொறிந்தார்கள். சங்கத் தலைவர் வீட்டுப் பேத்திக்குக் காலெல்லாம் புள்ளி.

பக்கத்து நிலத்து அம்மாளிடம் சொன்னேன். மல்பெரி அறுத்த அரிவாளோடு வேலிக்கு வந்தார்.

"பாத்தீங்களா?"

"கண்ணுக்குத் தெரியலீங்க."

மணிக்கட்டுச் சுருளிலிருந்து விரல் நீளத்துக்கு டேப்பைக் கிழித்து என்னிடம் நீட்டினார். "அரிப்பு எடுத்த ஒடனே சொறியாதீங்க. அந்த எடத்துல இத ஒட்டி எடுங்க. எடுத்தத வெள்ளக் காயிதத்துல ஒட்டி வைங்க. நாலு நாள் செய்ங்க. புழு இப்ப பெருந்தீனி திங்கற நேரம், என்னால நகர முடியல. இல்லன்னா நானே வந்து பாப்பேன்."

இரண்டு முறை ஒட்டினேன். ஒன்றும் சிக்கவில்லை. மூன்றாவது முறை சொறிந்துவிட்டேன். பிறகு அந்த டேப் எங்கே போனதென்று தெரியவில்லை. எல்லாவற்றையும் எழுதிவைக்கிற எனக்கு அதைச் செய்யப் பொறுமை இல்லை.

ஆடி முதல் ஞாயிறு, பிள்ளையார் கோயில் முன்னால் சங்கக் கூட்டம். நான் அப்போது செயலாளர். தலைவர் எழுந்து, பூச்சி மல்பெரியிலிருந்துதான் வருகிறது, தெரு முழுக்க மருந்தடிக்க வேண்டும் என்றார். பக்கத்து நிலத்து அம்மாள் உறுப்பினர் அல்ல. ஆனாலும் கேள்விப்பட்டு வந்து ஓரமாக நின்றிருந்தார். புடவையில் மல்பெரிச் சாறு.

"எந்தப் பூச்சிங்க? காட்டுங்க, பாக்கலாம்."

"கண்ணுக்கே தெரியாத பூச்சிம்மா அது. அத எப்பிடிக் காட்றது?"

"கண்ணுக்கே தெரியாதது எம் மல்பெரியிலதான் குடியிருக்குதுனு மட்டும் எப்பிடிங்க தெரிஞ்சிச்சி? ரேசன் கார்டு எதுனா காட்டிச்சிங்களா?"

சிலர் சிரித்தார்கள். தலைவருக்கு முகம் சுருங்கிவிட்டது. என் பக்கம் திரும்பினார். "சார், நீங்க டைரில எழுதி வெச்சிருக்கறீங்கல்ல? படிங்க."

நான் படித்தேன். எழுந்து நின்று, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, எல்லாருக்கும் கேட்கிற குரலில் படித்தேன். எனக்குக் கடிபட்ட நாட்கள் ஒன்பது. அதில் எட்டு நாட்கள், அவர் வேலியோரத்து வரிசையில் இலை அறுத்த நாட்கள். அவர் அந்தப் பக்கம் வராத நாட்களில் ஒரே ஒரு நாள்தான் கடி. இதற்கு மேல் என்ன வேண்டும் என்பதுபோலத் தலைவர் கைகளை விரித்தார்.

அவர் தலைவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். "சார், கடிச்சதப் பாத்தீங்களா?"

"கணக்கு சொல்லுதுங்களே."

"கணக்குக்குக் கண்ணு இருக்குதா சார்?"

நான் உட்கார்ந்தேன். அவர் எல்லாரையும் பார்த்துக் கை கூப்பிச் சொன்னதை அன்று மாலையே சொல்லுக்குச் சொல் எழுதி வைத்தேன். "புழு நாலாவது தோலு உரிச்சி இன்னிக்கி மூணாம் நாளு. எட்டே எட்டு நாள் குடுங்க. கூடு கட்டறதுக்குப் புழுவ மூங்கில் தட்டியில ஏத்தி உட்டுட்டு, நானே ஒவ்வொரு வூடா வந்து பாக்கறேன். இன்ன பூச்சினு கண்டுபுடிச்சிக் குடுக்கறேன். அப்பறம் எத வேணா அடிங்க. இப்ப அடிச்சா, இது ஆடிக் காத்து, மேக்கால இருந்து அடிக்குது, நேரா எல மேல வரும். அத தின்னா ஒரு புழு தங்காதுங்க."

"ஆடிப் பதினெட்டுக்குச் சொந்தபந்தமெல்லாம் வருதும்மா," என்றார் தலைவர். "அவங்களையும் சொறிய வெச்சி அனுப்பறதா?"

பெரிய சிரிப்பு எழுந்தது. மருந்தடிக்கலாம் என்பவர்கள் கை தூக்கச் சொன்னார்கள். நானும் தூக்கினேன்.

வியாழன் காலை அடித்தார்கள். தலைவரின் மைத்துனர் பாலக்கோட்டில் தக்காளி போடுபவர். தக்காளிக்கு வாங்கி மீந்துபோன இரண்டு மருந்துகளையும், முதுகில் மாட்டும் மோட்டார் தெளிப்பானையும் கொண்டுவந்திருந்தார். ஒரு டப்பாவில் காகிதமே இல்லை, கிழிந்துபோயிருந்தது. இரண்டையும் ஒரே தொட்டியில் ஊற்றிக் குச்சியால் கலக்கினார். எதற்காக இரண்டும் என்று கேட்டேன்.

"ரெண்டுல ஒண்ணு கேக்கும்ல சார்?"

"இது எந்தப் பூச்சிக்கு?"

"தக்காளில பேன் புடிச்சா இதான் அடிப்போம். பேன்னா பேன்தான? செடில இருந்தா என்னா, மனுசன் மேல இருந்தா என்னா?"

ஒரு செடியில் ஓர் இலையைத் திருப்பிப் பார்த்தவர் இல்லை. மைத்துனரை நான் குறை சொல்லமாட்டேன். எங்கள் பக்கம் வயலில் மீந்த மருந்து வீட்டுச் செடிக்கு வருவது எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம். வீணாகக் கூடாது, அவ்வளவுதான். ஆனால் நாங்கள் படித்தவர்கள் என்று சொல்லிக்கொள்ளும் தெரு. இருபத்திரண்டு வீட்டில் ஏழு பேர் பட்டதாரிகள்.

வேலிக்கு அந்தப் பக்கம் அவர் என்ன செய்தார் தெரியுமா? தன்னிடமிருந்த புடவைகள், போர்வைகள் அத்தனையையும் தண்ணீரில் முக்கி, வேலி நெடுகக் கட்டித் தொங்கவிட்டார். கல்யாணப் பட்டுப்புடவையும் அதில் இருந்ததைச் சுமதி பார்த்தாள். ஈரத்துணி மருந்தைப் பிடித்துக்கொள்ளும் என்று நம்பினார். காற்று துணிகளைத் தூக்கித் தூக்கி அடித்தது. புகை போன்ற தெளிப்பு அவற்றின் மேலாகவே மிதந்து மல்பெரிக்குப் போனது. "காத்தப் பாருங்க! அய்யோ, காத்தப் பாருங்களேன்!" என்று வேலியோரம் ஓடி ஓடிக் கத்தினார். மோட்டார் சத்தத்தில் மைத்துனருக்குக் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது.

மூன்றாம் நாள் காலை அவர் தெருவுக்கு வந்தார். முதல் வீட்டிலிருந்து தொடங்கி ஒவ்வொரு கேட்டாக நின்று, "வாங்க, வந்து பாருங்க" என்று கூப்பிட்டார். சண்டை போடவில்லை. அழவுமில்லை. அந்த மூன்றே வார்த்தைகள். சிலர் கதவைத் திறக்கவில்லை. தலைவர் செய்தித்தாளை இறக்காமலே, "அப்பறம் வர்றம்மா" என்றார். இருபத்திரண்டு வீட்டில், பார்க்கப் போனவர்கள் நானும் சுமதியும் மட்டும்.

ஐந்தாம் பருவத்துப் புழு இலை தின்னும் கொட்டகையில் மழை பெய்கிற மாதிரி ஓர் இரைச்சல் இருக்கும். அதை வேலிக்கு இந்தப் பக்கத்திலிருந்தே கேட்டிருக்கிறேன். அன்று உள்ளே நுழைந்தபோது எந்தச் சத்தமும் இல்லை. விரல் நீளப் புழுக்கள், தட்டு தட்டாக, தலையைத் தூக்கி அப்படியும் இப்படியும் ஆட்டிக்கொண்டிருந்தன. வாயிலிருந்து பச்சையாக வழிந்தது. ஏற்கெனவே செத்தவை சுருங்கிக் கறுத்துக் கிடந்தன. இன்னும் இரண்டு நாள் இருந்திருந்தால் நூல் விட்டிருக்கும்.

"நல்லா பாத்துக்கங்க சார்," என்றார். "தேதி போட்டு எழுதுங்க."

எழுதினேன்.

கடி நிற்கவில்லை. இதை யாரும் நம்பமாட்டார்கள் என்பதால் குறிப்பைப் பார்த்தே சொல்கிறேன்: மருந்தடித்த பிறகும் ஒன்பது நாள், அவர் கொட்டகையைப் பார்த்தபடி வேலியோரம் நின்ற ஒவ்வொரு நாளும் கடித்தது. பத்தாம் நாள் அவரே எங்கள் வீட்டுக்கு வந்தார். செத்த புழுக்களைக் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டு மூடி, கொட்டகையைக் கழுவி முடித்துவிட்டு வந்திருந்தார். கையில் தட்டு, மணிக்கட்டில் டேப்.

"கடி நின்னுச்சுங்களா?"

"இல்லீங்க," என்றேன். தலை நிமிரவில்லை.

"எட்டு நாள்ல வந்து பாக்கறேன்னு சொன்னனே. ஆறு நாள் லேட்டாயிருச்சி. டைரிய எடுங்க."

அவர் என் நாட்குறிப்பைப் படித்த விதத்தை நான் மறக்கமாட்டேன். தேதிகளைப் பார்க்கவே இல்லை. கை என்ற கட்டத்தில் விரலை வைத்துக் கீழே கீழே இறக்கிக்கொண்டு போனார். இடது. இடது. இடது. வலது. இடது. இடது.

"ஏன் சார் எடது கையிலயே?"

நானே எழுதியது. ஒரு மாதமாக என் கையெழுத்தில் என் கண்முன்னால் இருந்தது. நான் கேட்டுக்கொள்ளாத கேள்வி.

"வேலிகிட்ட எங்கிட்டப் பேசறப்ப எப்பிடி நிப்பீங்க? போய் நின்னு காட்டுங்க."

போய் நின்றேன். வழக்கம்போல இடது கை தானாகவே வேலிக் கல்லுத்தூணின் மேல் போய் உட்கார்ந்தது. தூணில், கைக்கு அரை அடி கீழே, ஒரு கூடை மாட்டியிருந்தது. ஆனியில் எங்கள் கோழி அடைகாத்த கூடை. குஞ்சு பொரித்து இறங்கியதும், அடுத்த அடைக்கு ஆகுமென்று சுமதி வைக்கோலோடு அப்படியே நிழலில் மாட்டிவைத்திருந்தாள். இங்கே எல்லா வீட்டிலும் அப்படித்தான் மாட்டுவார்கள்.

அவர் கூடைக்குக் கீழே தட்டைப் பிடித்தார். இரண்டு தட்டு. மிளகுத்தூள் கொட்டியதுபோல விழுந்தது. நாங்கள் மூவரும் குனிந்தோம்.

தூள் நடந்தது.

"கோழிப்பேனு," என்றார். "கோழி எறங்கிப் போயிருச்சி. இதுங்களுக்கு ரத்தம் வேணும். தூண்ல கை வந்துச்சி, ஏறிக்கிச்சிங்க."

ஆக, அவர் இலை அறுக்க வந்த நாட்களில் என்னை ஏன் கடித்தது என்பதும் விளங்கிவிட்டது. அவர் வந்தால்தான் நான் பேசுவதற்கு அந்தத் தூணருகே போய் நிற்பேன். என் கணக்கில் தப்பே இல்லை. எண்கள் எல்லாம் சரி.

சுமதி வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "அக்கா, எங்கூடையாலயா..." என்றாள். அவர் உடனே வேலையைச் சொன்னார். வைக்கோலைக் கொளுத்த வேண்டும். கூடையைக் கொதிநீரில் முக்கி மூன்று நாள் வெயிலில் கவிழ்க்க வேண்டும். தூணுக்குச் சுண்ணாம்பு. கோழிகள் புரள ஒரு குழியில் அடுப்புச் சாம்பல். கூண்டை வீட்டிலிருந்து தள்ளி மாற்ற வேண்டும். மருந்து ஒரு சொட்டுகூடச் சொல்லவில்லை. செய்தோம். ஐந்தாம் நாள் கடி நின்றது. பிறகு வரவில்லை.

அன்று போகும்போது என் கையில் ஒட்டி எடுத்த டேப் ஒன்று, கூடையில் ஒட்டி எடுத்தது ஒன்று, இரண்டையும் எடுத்துக்கொண்டார். சொன்னபடி மற்ற வீடுகளையும் பார்க்கத் தெருவழியே போகையில் தலைவர் வீட்டு கேட்டருகே பேத்தி காலைச் சொறிந்துகொண்டு நின்றது. குனிந்து அதன் முழங்காலிலும் ஒரு டேப்பை ஒட்டி எடுத்தார். தலைவரின் மனைவி ஓடிவந்து குழந்தையை உள்ளே இழுத்துக்கொண்டு, கேட்டைச் சாத்தினார். மறுநாள் என் நாட்குறிப்பைக் கேட்டு வாங்கி, அந்தத் தேதிப் பக்கத்தில் மூன்றையும் ஒட்டி, கீழே எழுதித் திருப்பித் தந்தார்.

"சார், இத சங்கத்து நோட்டுல ஏத்திருங்க. எனக்கு வேற எதுவும் வேணாம். கடிச்சது இது, மல்பெரில இருந்து வரல, பாத்தது இன்னார்னு ஒரே ஒரு வரி."

ஆவணி முதல் ஞாயிறு கூட்டத்தில் சொன்னேன். கடித்தது என் வீட்டுக் கோழிக்கூடையிலிருந்து என்று எழுந்து நின்று சொன்னேன். தலைவர் தொண்டையைச் செருமினார்.

"இப்ப கடி இருக்குதா சார்?"

"இல்லீங்க."

"மருந்தடிச்சோம், நின்னுபோச்சி. அப்பிடியே எழுதுங்க."

"மருந்தால நிக்கலீங்க. அதுக்கப்பறமும் கடிச்சிருக்குது, எழுதி வெச்சிருக்கறேன்."

"அப்ப ஒண்ணு பண்ணுங்க. உங்க வூட்டுக் கூடையால ஒரு பொம்பளையோட புழு மொத்தமும் செத்துதுனு எழுதுங்க. எழுதி, நீங்களே கையெழுத்துப் போடுங்க."

என் கையில் பேனா இருந்தது. பொங்கலுக்கு முந்தின நாள் ஒரு தினக்கூலிப் பெண் பேனாவைத் திருப்பிக் கொடுத்த கதை எனக்குத் தெரியும். தெரிந்தே எழுதினேன்: "மருந்து தெளிக்கப்பட்டதால் பூச்சித் தொல்லை நீங்கியது. ஒருமனதாக ஏற்கப்பட்டது." கீழே என் கையெழுத்து.

மறுநாள் வேலிக்கு வந்து, "ஏத்திட்டீங்களா?" என்று கேட்டார். நான் கோழிக்கூண்டைப் பார்த்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது.

"பாத்தத எழுதறதுக்கு என்னா சார் கஷ்டம்?"

அதற்குப் பின் அவர் அதைப் பற்றிப் பேசியதில்லை. தையில் மல்பெரியை வேரோடு எடுத்துவிட்டு, நிலத்தைக் குத்தகைக்கு விட்டு, மகள் ஊருக்குப் போய்விட்டார். இங்கே காற்று சரியில்லை என்று சுமதியிடம் சொன்னாராம். அங்கே மறுபடி புழு வளர்க்கிறார் என்று பாலக்கோட்டுச் சந்தையில் பார்த்தவர்கள் சொன்னார்கள். நான் போய்ப் பார்க்கவில்லை.

சென்ற மாதம் சங்கத்தின் ஆண்டு மலர் வழவழத் தாளில் அச்சாகி வந்தது. இதுவரையிலான சாதனைகள் என்ற தலைப்பில் நான்காவது: "தெருவாசிகளை வாட்டிய பூச்சித் தொல்லை தலைவரின் உடனடி நடவடிக்கையால் ஒழிக்கப்பட்டது." ஆதாரம், அன்றைய குறிப்பேடு. கையெழுத்து, அன்றைய செயலாளர். படித்துவிட்டுச் சுமதி அந்த மலரை மடக்கி அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தாள். நான் ஒன்பது வருடத்துக்கு முந்தைய நாட்குறிப்பை எடுத்தேன்.

டேப் பழுத்து மஞ்சளாகிவிட்டது. உள்ளே இருக்கும் புள்ளிகள் அப்படியே இருக்கின்றன. அவர் கையெழுத்து சாய்வில்லாமல், பதிவேட்டில் எழுதுகிற மாதிரி நேர்நேராக இருக்கிறது. முதல் டேப்பின் கீழே: "சார் இடது கை. கோழிப்பேன்." இரண்டாவதன் கீழே: "கூடை. கோழிப்பேன்." மூன்றாவது, தலைவர் வீட்டுக் குழந்தையின் காலில் எடுத்தது. அதில் ஒரே ஒரு புள்ளி, பேனாவால் வட்டமிட்டிருக்கிறது. அந்த நாளில் அதற்கு அவர் என்ன பெயர் வேண்டுமானாலும் வைத்திருக்கலாம். கேட்க ஆளில்லை, மறுக்க ஆளில்லை, கோபப்பட அவரைவிட உரிமை உள்ளவர் அந்தத் தெருவில் இல்லை.

எழுதியிருப்பது இதுதான்: "குழந்தை முழங்கால். லென்ஸில் மூன்று முறை பார்த்தேன். என்னவென்று தெரியவில்லை."

பக்கத்திலேயே கட்டம் போட்டு, பார்த்தவர் என்று எழுதி, கையெழுத்துப் போட்டிருக்கிறார்.